ரப்பர் பேண்ட் போட்ட பாட்டில்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உண்மை வேறு. ஒரு பத்திரிகைக்காரர், முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்ற வருகிற இளசுகளின் இரவு வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரை கேட்டார். எனக்கோ ராத்திரிச் சாப்பாடு முடிந்தாலே கண் சொக்கும். அதனால் இரவு வாழ்க்கையைப் பார்க்க மத்தியானம் போனேன். சிரிக்காதீர்கள்.

கடற்கரைச் சாலையில் ஒரு நாலு மாடி ஹாஸ்டல். அடுக்குக் கட்டில்களில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு பல நாடுகள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன. மொட்டைமாடியில் மட்டும் ஒரு பெண் விழித்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நாற்காலிகளில் காயப்போட்டு மறந்துபோன நீச்சலுடைகளை, "இது எந்த மகராசனோடதோ" என்று முணுமுணுத்தபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுறவங்களா? அப்ப உங்களைத்தான் ஒண்ணு கேக்கணும்," என்றாள். "தெரியாம குடிச்சா, அது குடிச்ச கணக்கா? ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்குப் பதில் வேணும்."

கட்டுரை அங்கேயே செத்தது. பத்திரிகைக்காரர் இன்னும் ஃபோன் செய்துகொண்டிருக்கிறார்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'அலைகள் கரையை முத்தமிட்டுக்கொண்டிருந்த அந்த மாலையில்—' வேண்டாம். அலைகளுக்கு வேறு வேலையே இல்லையா?

'அவள் குடிகாரி.' ஒரு காலத்தில் உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே அவள் முகத்தில் கதவைச் சாத்தினால் நீங்கள் மட்டும் எப்படித் திறப்பீர்கள்?

'முப்பது பேரைக் குடிக்கவைப்பது அவள் தொழில். தான் ஒரு சொட்டும் தொடாமலிருப்பது அவள் வைராக்கியம்.' சுவரொட்டி மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், இதைவிட நல்லதாக எனக்கு வரவில்லை.

3

ஹாஸ்டலில் அவளைக் கேப்டன் என்பார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு வருவாள்.* ஒருவரையொருவர் தெரியாத முப்பது பேர் ஃபோனைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். அவர்களைச் சேர்த்துவைத்து, சிரிக்கவைத்து, கடற்கரைச் சாலையில் மூன்று பார்களுக்கு ஓட்டிப்போய், ஒருத்தர் குறையாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன்னால் மொட்டைமாடியிலேயே முதல் கோப்பை. அதைக் கேப்டன்தான் குடிக்க வேண்டும், ஒரே மடக்கில். காலிக் கோப்பையை உச்சந்தலையில் கவிழ்த்துக் காட்டியதும் கூட்டம் கூச்சல் போடும். கூச்சம் விட்டுப்போகும். இந்த ஹாஸ்டலுக்குப் பேரே இந்த வழக்கத்தால்தான்.

(* விசில் எதற்கு என்று கேட்டேன். "பெத்தவங்க பேச்சைக் கேக்காததுங்க எல்லாம் விசில் பேச்சைக் கேக்குது" என்றாள்.)

குடியை விட்ட பிறகு இந்தக் கோப்பையை என்ன செய்வது? வழி கண்டுபிடித்தவர் அங்கே பல வருஷமாக இருக்கிற பார்காரர். எந்நேரமும் எலுமிச்சை நறுக்கிக்கொண்டே இருப்பதால் அவருக்கு எலுமிச்சை என்றே பெயர். பால் விடாத தேநீரை ஆறவைத்து, வடிகட்டி, விஸ்கி பாட்டிலில் ஊற்றி, கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார். கேப்டனுக்கு அதிலிருந்து மட்டும்தான். விஷயம் அவர்கள் இருவருக்கும்தான் தெரியும், முதலாளிக்குக்கூடத் தெரியாது.

குடியை விட்டதற்குக் காரணம் பாப்பா, அவளுடைய ஆறு வயதுப் பெண். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டும் கூப்பிட யாரும் வரவில்லை. வாசலில் நின்று அழுது அழுது குழந்தைக்குத் தொண்டை கட்டிப்போனது. அம்மா வீட்டில் போதையில் கிடந்தாள். அன்றைக்கே அக்கா வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "ஒரு வருஷம். ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. அப்புறம் வந்து கூட்டிட்டுப் போ" என்றாள். அந்த ஒரு வருஷம் வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

பாப்பாவின் அப்பா எங்கே என்று கேட்பீர்கள். அவர் இந்தக் கதையில் இல்லை. அவர்கள் வாழ்க்கையிலும் அப்படித்தான்.

4

அக்கா என் கையில் சரியாக வரவில்லை. முதல் பிரதியில் வில்லியாகிவிட்டாள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள், நாள் முழுக்க மற்றவர்கள் வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்திருப்பவள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது என்று காட்டப்போக, போலீஸ்காரி மாதிரி ஆகிவிட்டாள். பிறகு கேப்டன் சொன்ன ஒன்றைச் சேர்த்தேன். இந்த வேலையை விடச் சொல்லி, "கசாப்புக் கடையில உக்காந்துகிட்டு சைவம்னா யாருடி நம்புவா?" என்று திட்டிய அக்கா, திட்டி முடித்துவிட்டு, தங்கையின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாளாம். இப்போது கொஞ்சம் பரவாயில்லை.

எலுமிச்சைக்குப் பதிலாக ஒருநாள் நின்ற புதுப் பார்காரன் ஒருவன் வருவான், அவனையும் முதலில் கெட்டவனாகத்தான் எழுதினேன். ஒட்டவில்லை. அவன் பாவம், ரொம்ப நல்லவன். வினையே அதில்தான்.

5

நடந்தது இதுதான். எலுமிச்சையின் மனைவிக்குப் பிரசவம். அவசரமாகக் கிளம்பியவர், புது ஆளிடம், "கேப்டனுக்கு மட்டும் ரப்பர் பேண்ட் போட்ட பாட்டில். ஏன் எதுக்குன்னு கேக்காத" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

புது ஆள் முன்பு வேலை பார்த்த இடத்தில் எவனோ விஸ்கியைக் குடித்துவிட்டுப் பாட்டிலில் தேநீரை ஊற்றி வைத்திருந்தான். பழி இவன் மேல் விழுந்து வேலை போயிற்று. அதனால் ரப்பர் பேண்ட் பாட்டிலைத் திறந்து முகர்ந்ததும் இவனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அடப்பாவிகளா, இங்கேயுமா! அத்தனை பேர் முன்னால் கேப்டனுக்கு அவமானமாகிவிடக் கூடாதே என்று, தேநீரைத் தொட்டியில் கொட்டி, பாட்டிலை அலசி, நல்ல விஸ்கியை ஊற்றி, அதே ரப்பர் பேண்டைப் பத்திரமாகத் திரும்ப மாட்டினான்.

கேப்டன் விசிலை ஊதினாள். கோப்பையை வாங்கி வாயில் கவிழ்த்தாள்.

நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. முப்பது பேர் பார்க்கிறார்கள். துப்பியிருக்கலாம். துப்பினால் ஹாஸ்டலின் பெயர், அவளுடைய வேலை, எலுமிச்சையின் ரகசியம் எல்லாம்

(இந்த வாக்கியத்தை முடிக்க நாலு நாளாகப் பார்க்கிறேன். அவளுக்காக நான் வக்காலத்து வாங்குவது போல இருக்கிறது. அப்படியே விட்டுவிடுகிறேன்.)

விழுங்கினாள். கோப்பையைத் தலையில் கவிழ்த்தாள். மொட்டைமாடியே அதிர்ந்தது.

பிறகு பார் மேடைக்குப் போய், "என்னப்பா ஊத்துன?" என்றாள் மெதுவாக.

"ஒரிஜினலுங்க கேப்டன்! எவனோ உங்க பாட்டில்ல டீயை ஊத்தி ஏமாத்தியிருக்கான். இனிமே நான் பாத்துக்கறேன், நீங்க கவலையே படாதீங்க."

அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும். "நல்லாயிருப்பா" என்றாள். வேறென்ன சொல்வது? பிறகு போன மூன்று பார்களிலும் தன் கோப்பையைப் பக்கத்தில் நின்ற யாருக்காவது தள்ளிவிட்டுவிட்டு, கூட்டத்தைத் தலை எண்ணித் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தாள்.

6

எல்லாம் கேட்டுவிட்டு நான் பெரிய மனுஷத்தனமாக, "தெரியாமத்தானே குடிச்சீங்க, விடுங்க" என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "வாய்க்குள்ள போனதுதாங்க தெரியாம. விழுங்கினது தெரிஞ்சுதான்."

"அத்தனை பேர் பாக்கறப்போ வேற என்ன செய்வீங்க?"

"நானும் அப்படித்தான் சமாதானம் சொல்லிப் பாத்தேன்." கையிலிருந்த நீச்சலுடையை உதறி மறுபடி மடித்தாள். "ஆனா நல்லா இருந்துச்சுங்க. தொண்டையில இறங்கறப்போ, அப்பாடான்னு இருந்துச்சு. அதை எப்படிங்க அக்காகிட்ட சொல்றது?"

கட்டுரைக்காகக் கொண்டுபோன கேள்விகளை எடுக்கவே கூசியது.

7

முடிவுகள்.

ஒன்று: அவள் மூச்சு விடவில்லை. பாப்பா வருகிறாள். எல்லோரும் சந்தோஷம். இதை எழுதிவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தினமும் அந்தக் குழந்தையின் தலையைப் பின்னிவிடும்போது அவள் மனசு என்ன பாடுபடும்?

இரண்டு: எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறாள். அக்கா, "இன்னொரு வருஷம்" என்கிறாள். நியாயம்தான். ஆனால் உண்மை பேசியதற்குத் தண்டனை என்றால், அடுத்த தடவை யார் உண்மை பேசுவார்கள்?

மூன்று: எலுமிச்சையும் புதுசும் அக்கா வீட்டுக்கே வந்து சாட்சி சொல்கிறார்கள். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தவிர, அந்த "அப்பாடா"வுக்கு அவர்கள் சாட்சி சொல்ல முடியாது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நான்கு: அக்கா கேட்கவே இல்லை. கேட்காமலே

இல்லை. அக்கா கேட்பாள்.

8

ஞாயிற்றுக்கிழமை. கேப்டன் அக்கா வீட்டு வாசலில் நிற்கிறாள். உள்ளே பாப்பாவின் துணிப்பை கட்டியாகிவிட்டது. விடிந்ததிலிருந்து செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று ஒரே அடம்.

"என்னடி, சொட்டுகூட இல்லையே?" என்கிறாள் அக்கா.

தங்கை வாயைத் திறக்கிறாள்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. பயமென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று இனிமேல் யோசிக்க வேண்டியதில்லை. பாட்டில், முப்பது பேர், அந்த "அப்பாடா" உட்பட எல்லாவற்றையும் நானே உங்களிடம் சொல்லிவிட்டேன். எதையும் பூசி மெழுகவில்லை. கேட்டது நீங்கள். ஆகவே அக்காவும் நீங்கள்தான்.

பாப்பா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "பெரியம்மா, நான் போகட்டுமா?" என்கிறாள்.