மரியாதைக்குக் கூப்பிட்டது

பூங்கோதை மரியாதைக்குக் கூப்பிட்டதை நம்பி, ராஜஸ்தான் பாலைவனத்திலிருந்து ஒரு கோட்டை புறப்பட்டு, கடற்கரை விடுதிக்கு வந்து சேர்ந்தது. காலை ஒன்பதரை மணி. அவள் கணவன் சிகாமணி அப்போதுதான் இரண்டு நாற்காலிகளைக் கடலைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தான்.

கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள் ஓர் இடத்தைவிட்டுச் சும்மா கிளம்புவதில்லை. "நம்மூருப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வந்துட்டுத்தான் போகோணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். பூங்கோதைக்கு ஊர்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை, தங்கும் இடத்துக்கே கூப்பிட்டுவிடுவாள். தேனிலவுக்கு ஊட்டி போனபோது பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் குடும்பத்தோடு வந்து மூன்று நாள் உடனிருந்தார். இருபது வருடமாக எங்கே போனாலும் இதே கதைதான். யாராவது வருவார்கள், அவள் உபசரிக்க எழுந்து போய்விடுவாள்.

மனைவியோடு ஒரே ஒரு நாள் தனியாக உட்கார வேண்டும், அவ்வளவுதான் சிகாமணியின் ஆசை. பாலைவனத்தில் ஆள் குறைவு என்று நம்பித்தான் இந்தத் தடவை முதலில் அங்கே கூட்டிப்போனான். மூன்றாவதாகப் பார்த்த கோட்டையில் ஆளே இல்லை. அவள் கோட்டையிடமே சொல்லிவிட்டாள்.

"வாங்க, வாங்க. வெய்யில்லயா நடந்து வந்தீங்க?" என்று பூங்கோதை எழுந்தாள்.

கோட்டை தென்னைகளை ஒதுக்கிவிட்டு, நாற்காலிகளுக்கும் கடலுக்கும் நடுவில் உட்கார்ந்தது. பாவம், அது கடலைப் பார்த்ததே இல்லை. விடுதி மேலாளர் பதிவேட்டோடு வந்து, "வாகனமா, விருந்தாளியா?" என்று கேட்டார். விருந்தாளி என்றதும் எழுதிக்கொண்டு போனார்.

பூங்கோதை வாளி வாளியாக மோர் கொண்டுபோய்க் கோட்டை வாசலில் ஊற்றினாள். சிகாமணி மதியம்வரை கோட்டையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகையே வந்துவிட்டது.

"ஏனுங்க, அவிய இன்னும் தாகம்ங்கறாங்க."

"எனக்கு உங்கூட ஒரு நாள் உக்காரோணும் பூங்கோத. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். கோட்டைக்கும் அது கேட்டது. சற்று யோசித்துவிட்டுப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தது. உள்ளே ராணியின் அறை, அலைகளுக்கு மேலே நீண்ட மாடம், இருவர் உட்காரும் கல்மேடை. அவர்கள் நுழைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டது. வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதில் கோட்டைக்கு நானூறு வருடப் பழக்கம்.

பூங்கோதை அவன் மடியில் காலை நீட்டிக்கொண்டு, சூரியன் இறங்கும்வரை எழுந்திருக்கவேயில்லை.

சாயங்காலம் கோட்டை சொல்லிக்கொண்டு கிளம்பியது. மறுநாள் காலை கடலில் கால் நனைக்கும்போது சிகாமணியின் இடது செருப்பை அலை கொண்டுபோனது. அவன் கோபப்படவில்லை. மனசு நிறைந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனே கடலைப் பார்த்துச் சொன்னான், "நம்மூருப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வந்துட்டுத்தான் போகோணும்."

அவர்கள் கோபிக்கு வந்து இறங்கியபோது, கடல் முன்னாலேயே வந்து காத்திருந்தது. வாசலில் நூற்றுக்கணக்கில் ஒற்றைச் செருப்புகளை ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. சிகாமணியின் இடது செருப்பும் அதில் இருந்தது.

பூங்கோதை வழக்கம்போல் அடுப்படிக்குக் கிளம்பினாள்.

"நீ உக்காரு," என்றான் சிகாமணி. "நாங் கூப்புட்ட ஆளு. நாம் பாத்துக்கறேன்."

கடலுக்கு என்பதால் உப்புப் போடாமல் மோர் கலக்க உள்ளே போனான்.