முதல் டிவிஷனில் பத்து அணி

குருவிகுளம் கால்பந்து அணியின் செயலாளர் கோமதிசங்கருக்குத் தன் வாய் மேல் அபார நம்பிக்கை. உரக்கடையில் உட்கார்ந்து பேசிப் பேசியே பாதி வியாபாரத்தைக் கெடுத்த வாய் அது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை லீக் கூட்டத்துக்கு அணி அந்த வாயை நம்பித்தான் அவரை அனுப்பியது.

சங்கரன்கோவில் வட்டார லீக்கின் முதல் டிவிஷனில் எட்டு அணிகள். கடைசி இரண்டும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். குருவிகுளம்தான் கடைசி. முதல் டிவிஷன் ஆட்டமெல்லாம் சாயங்காலம் நடக்கும். இரண்டாம் டிவிஷனோ விடிந்தும் விடியாமலும். அந்த நேரத்தில் குருவிகுளத்துப் பையன்களில் பாதிப் பேர் பால் கறப்பார்கள், மீதிப் பேர் ஆடு பத்திக்கொண்டு போவார்கள். இறங்கினால் அணியே கலைந்துவிடும். அதனால் இந்த வருஷம் யாரையும் இறக்காமல், கீழேயிருந்து இரண்டு அணியை ஏற்றி, முதல் டிவிஷனைப் பத்தாக்க வேண்டும் என்று கோமதிசங்கர் தீர்மானம் கொடுத்திருந்தார்.

"பால் மாட்டை நெனைச்சுக்கிட்டே பேசுங்க அண்ணாச்சி," என்று சொல்லி, கூட்டம் நடக்கும் கல்யாண மண்டபத்து வாசலில் அவரைப் பைக்கிலிருந்து இறக்கிவிட்டான் கேப்டன் ஆனந்தகுமார்.

தீர்மானத்துக்கு ஒரே எதிரி ராயகிரி அணியின் பேச்சிராஜா. சாம்பியன் அணிக்காரர். பத்து அணி ஆனால் ஆட்டத்தின் தரம் போய்விடும் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவர். அவர் வாயை அடைக்கக் கோமதிசங்கரிடம் வழி இருந்தது. அந்த லீக்கில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: மேடையில் பொன்னாடை வாங்கியவர், போர்த்தியவரை அன்றைக்கு எதிர்த்துப் பேசக் கூடாது. பொன்னாடையை மறுக்கவும் கூடாது. மறுத்தால் தீராத பகை.

கூட்டம் தொடங்கியதும் கோமதிசங்கர் பாய்ந்து மேடையேறி, பேச்சிராஜாவின் தோளில் பச்சைப் பொன்னாடை ஒன்றைப் போர்த்தினார். "நம்ம சாம்பியனுக்கு!" கைதட்டல். ஆள் மடங்கிவிட்டான் என்று உள்ளுக்குள் துள்ளினார்.

பேச்சிராஜா சிரித்தார். பொன்னாடையைக் கழற்றினார். "எனக்கு எதுக்குவே? மூத்தவுக இருக்கையில!" என்று சொல்லி அதையே கோமதிசங்கரின் தோளில் போர்த்திவிட்டார்.

வாழ்நாளில் எத்தனையோ பேருக்குப் போர்த்தியிருக்கிறார் கோமதிசங்கர். அவருக்கு யாரும் போர்த்தியதே இல்லை. சபை முழுக்கக் கைதட்டியது. நாலைந்து செல்போன்கள் படம் பிடித்தன. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் எதுத்துப் பேச மாட்டேன்," என்றார் பேச்சிராஜா மைக்கில். "ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். அண்ணாச்சி மாதிரி நேர்மையான மனுசன் இந்த லீக்ல கெடையாது. தன் அணி கீழ போனாலும் சட்டம் சட்டம்தான்னு சொல்லுவாக. தனக்குன்னு ஒண்ணும் கேக்க மாட்டாக. அப்படித்தானே அண்ணாச்சி?"

மைக் கைக்கு வந்தது. எத்தனை முகங்கள்! எல்லாம் அவரையே பார்த்தன. பால் மாடு நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் இன்னொரு கைதட்டல் கேட்கவேண்டும் போலிருந்தது.

"ஆமா," என்றது அந்த வாய். "சட்டம் சட்டம்தான். குருவிகுளம் கீழ போவட்டும். என் தீர்மானத்தை நானே வாபஸ் வாங்குதேன்!"

மண்டபம் அதிர்ந்தது. லீக் தலைவர் சங்கரராமன் எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

படியிறங்கியபோதும் கோமதிசங்கரின் முகத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது. ஆனந்தகுமார் ஓடிவந்தான். "கைதட்டு வாசல் வரைக்கும் கேட்டுச்சே! ஜெயிச்சிட்டமா?"

"நல்லா பேசினேன் மக்கா."

"அதைக் கேக்கலை. நாம மேலயா, கீழயா?"

கோமதிசங்கர் விரலைத் தரைப்பக்கம் நீட்டினார். தலை தானாகத் தொங்கியது.

ஆனந்தகுமார் பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்தான்.

"இனி விடிகாலையில நாங்க ஆடப் போறோம், நீங்க வந்து பால் கறங்க. எந்தெந்த வீட்டு மாடு உதைக்கும்னு போற வழியில சொல்லுதேன், ஏறுங்க."