நெடியால்கா படியிறங்கிய நாள்

நெடியால்காவின் இதயம் மக்கர் பண்ணத் தொடங்கிய பிறகு லாச்சோ தனியாகத்தான் கடல் பூங்காவுக்கு வந்துகொண்டிருந்தார். அதற்கு முன் ஒவ்வொரு வசந்தத்திலும் புருஷனும் பெண்டாட்டியுமாக வருவார்கள். ஏப்ரல் பிறந்தால், ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய பறவைகள் கருங்கடலோரமாக வடக்கே போகும். போகிற வழியில் எங்கள் புர்காஸ் ஊர்ப் பூங்காவில் இறங்கி இரை தேடும். விடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்போம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற லாச்சோ பொறுமைசாலி. நெடியால்காவுக்குப் பொறுமையே கிடையாது. இலை அசைந்ததும் பறவையின் பேரைச் சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவாள்.

அவர்கள் வீடு பூங்காவை ஒட்டிய தெருவில் ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. படி ஏறி இறங்கக் கூடாது, குளிர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் ஒக்னியான் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறான். மே மாதம், ஆட்டுக்குட்டி சுட்டுச் சாப்பிடும் புனித கியோர்கி திருநாளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் வீடியோவில் பேசும்போது ஒருமுறை நானும் அங்கே இருந்தேன். "நான் வர்ற வரைக்கும் வீட்டை விட்டு இறங்கக் கூடாதும்மா, சத்தியம் பண்ணு" என்றான். "பண்ணிட்டேன் போடா. நீ ஆட்டுக்குட்டி வாங்கிட்டு வா, நான் இங்கதான் இருப்பேன்" என்றாள் நெடியால்கா.

ஏப்ரல் கடைசியில் வடகிழக்குக் காற்று கிளம்பியது. மழை விடவில்லை. கைவிரல் விறைக்கும் குளிர். எங்கள் கூட்டத்தில் பஸ் ஓட்டுகிற மிட்கோதான் எங்களுக்கு போன் போட்டான், உடனே வாருங்கள் என்று. போய்ப் பார்த்தால் புல்வெளி முழுக்கப் பறவை. வடக்கே பறந்துகொண்டிருந்தவை எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டு அப்படி அப்படியே இறங்கியிருக்கின்றன. வழக்கமாக மர உச்சியை விட்டு இறங்காத ஈப்பிடிப்பான்கள் ஈரப்புல்லில் தத்திக்கொண்டிருந்தன. கொண்டலாத்திகளின் கொண்டை நனைந்து தலையோடு ஒட்டிக் கிடந்தது. புதரை விட்டு வெளியே வராத இராப்பாடி நடைபாதையில் எங்கள் பூட்ஸுக்குப் பக்கத்தில் புழு தேடியது. வேலிக் கம்பியில் தகைவிலான்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இப்படி ஒரு காலை எங்களில் யாருக்கும் வாய்த்ததில்லை. மிட்கோ சின்னப் பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருந்தான்.

லாச்சோ பெண்டாட்டிக்கு போன் செய்து ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இறக்கிக் கூட்டிட்டுப் போகச் சொல்றா."

பைத்தியமா என்றேன். அவருக்கும் அதுதான் எண்ணம். முடியாது என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நாங்களும் கூடப் போனோம். மேலே நெடியால்கா கோட்டு, கம்பளித் தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு சமையலறை நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"பையனுக்குச் சத்தியம் பண்ணியிருக்க" என்றார் லாச்சோ.

"பண்ணினேன். அவன்கிட்ட நான் பேசிக்கறேன். நீ நாற்காலிக் காலைப் பிடி."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் என்னை மே மாசம் வரைக்கும் தள்ளிடலாம்னு பாக்கறார். அடுத்த ஏப்ரலைப் பத்தி அவர் வாயே திறக்கல, கவனிச்சியா?"

லாச்சோ குனிந்து நாற்காலியைப் பிடித்தார். மறுபக்கம் மிட்கோ. நான் குடையும் கம்பளியுமாகப் பின்னால் போனேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். மூன்றாம் மாடி ஸ்டெஃப்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது, "கல்யாண ஊர்வலம், வர்றியா?" என்று கேட்டாள் நெடியால்கா.

புல்வெளி ஓரத்தில் நாற்காலியை வைத்தோம். கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஈப்பிடிப்பான் ஒன்று தத்தித் தத்தி வந்து அவள் செருப்புக்கு அருகில் நின்றது. அவள் பைனாகுலரைத் தொடவே இல்லை. பேர் சொல்லவும் இல்லை.

"நம்மளைப் பாத்து பயப்படக்கூட இதுக்குத் தெம்பில்ல, ராத்கா" என்றாள் என்னிடம்.

அதுவரை நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அவள் சொன்ன பிறகுதான் புல்லில் அசையாமல் கிடந்தவையும் என் கண்ணில் பட்டன. யாரும் புல்லில் கால் வைக்கக் கூடாது என்றாள். நாயோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மிட்கோவை வாசலுக்கு விரட்டினாள். உதடு நீலம் பூக்கத் தொடங்கியதும் லாச்சோ போகலாம் என்று கெஞ்சினார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் தள்ளிக்கொண்டே போனாள். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஏறும்போது அவள் ஒரு கையை லாச்சோவின் தலைமேல் வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலமே காய்ச்சல். மறுநாள் ஆஸ்பத்திரி. திருநாள் வருவதற்குள் முடிந்துவிட்டது. குடியிருப்பின் வாசற்கதவிலும் பூங்காவின் கேட்டிலும் அவள் படம் போட்ட மரண அறிவிப்பை மிட்கோ ஒட்டினான்.

ஒக்னியான் அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். சாப்பாட்டு மேசையில் ஸ்டெஃப்கா அழுதுகொண்டே கல்யாண ஊர்வலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். நெடியால்கா எவ்வளவு சிரித்த முகமாக இறங்கிப் போனாள் என்று சொல்ல நினைத்தவள் அவள். ஒக்னியான் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"மழையில கொண்டுபோனீங்களா?"

"ஆமா" என்றார் லாச்சோ.

"அம்மா கேட்டாங்களா?"

"இல்ல. நான்தான். காட்டணும்னு ஆசைப்பட்டேன்."

மிட்கோ என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கப் போனேன். லாச்சோ மேசைக்கடியில் என் மணிக்கட்டைப் பிடித்தார். கிரேன் ஓட்டிய கை, இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது.

"நாலு குருவிக்காக எங்கம்மாவைக் கொன்னுட்டீங்க" என்றான் ஒக்னியான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவும் சாக்கில் லாச்சோவைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன். ஏன் இப்படிப் பொய் சொல்கிறீர்கள், உண்மையைச் சொன்னால் அவன் புரிந்துகொள்வான் என்றேன். அவர் துண்டால் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அவன் வர்ற வரைக்கும் இருப்பேன்னு சொன்னவ அவ. அவளாவே இறங்கிப் போனாள்னு தெரிஞ்சா என்ன நினைப்பான்? நமக்காக அம்மா காத்திருக்கலயேன்னு சாகற வரைக்கும் நினைப்பான். என்மேல கோவமா இருந்துட்டுப் போகட்டும் ராத்கா. கோவம் ஒரு நாள் தேஞ்சுடும். அந்த நினைப்பு தேயாது."

நாற்பதாம் நாள் சடங்குக்கு ஒக்னியான் மறுபடி வந்தான். கல்லறை வாசலில் இறந்தவர் பேரில் கொடுக்கிற வேகவைத்த கோதுமையை நான் காகிதக் கோப்பைகளில் பங்கிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "ராத்கா அத்தை, நீங்க கூட இருந்தீங்கல்ல. யார் ஆரம்பிச்சது?" என்று கேட்டான். கேட்டவன் முகம் அச்சு அசலாக அவன் அம்மா முகம். தூரத்தில் லாச்சோ மெழுகுவத்தி காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பாதான்" என்றேன்.

தலை குனிந்து கோதுமையை வாங்கிக்கொண்டான். அன்றைக்கே விமானம் ஏறிவிட்டான். அப்பாவோடு பேசுவதை அதோடு விட்டுவிட்டான்.

ஆனால் எனக்கு போன் செய்வான். முதலில் வேறு எதையாவது பேசுவான், ரோட்டில் பனி, முதலாளியின் கெடுபிடி, இப்படி. கடைசியில்தான் கேட்பான், அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, வீட்டுக்குள் சூடு இருக்கிறதா என்று. கேட்டதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்பான்.

நான் சொல்லிவிட்டேன். குளிர்காலத்தில் ஒரு மத்தியானம், ஐந்து மாடி ஏறிப் போய்ச் சொன்னேன். லாச்சோ ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டார்.

"சாப்பிடறேன்னு சொல்லு" என்றார்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.