மாடிக்கும் கீழுக்கும் போட்டாபோட்டி

சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்கு நாளைக் காலை கொடுக்க வேண்டிய வெள்ளைக் கோட்டுகள் தைத்து முடிந்து மேசையில் குவிந்து கிடந்தன; பட்டன் ஓட்டை மட்டும் பாக்கி. அதைப் போடும் காஜா மெஷினோ மாடியில், ஓரகத்தியிடம். நாளை தவறினால் இனி இந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். கடைத்தெருவில் காஜா போடுகிறவரும், "ரெண்டு நாள் ஆகும்மா" என்று கையை விரித்துவிட்டார்.

குடும்பம் பிரிந்தபோது மெஷின்களும் பிரிந்தன. காஜா மெஷின் பெரியவளுக்கு, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் சின்னவளுக்கு. அவள் ஓரம் அடிக்கக் கீழே வருவாள், இவள் காஜா போட மேலே போவாள் என்று ஏற்பாடு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இரண்டு பேரும் ஆர்டர் கேட்டு ஒரே ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும்வரை. போன வாரம் பெரியவள் ஓரம் அடிக்க வந்தபோது, "மெஷின் ரிப்பேர், அக்கா" என்று இவள் வாய் கூசாமல் புளுகினாள்.

"போட்டி போடு, வேணாங்கல," என்றான் அதைக் கேட்டுக்கொண்டிருந்த புருஷன். "இது போட்டாபோட்டி."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? போட்டின்னா நீ ஜெயிக்கணும். போட்டாபோட்டின்னா அண்ணி தோத்தாப் போதும்."

"ஆமா, பெரிய வாத்தியாரு! அண்ணிக்கு வக்காலத்து வாங்காட்டி உங்களுக்குச் சோறு இறங்காதே!"

இன்று வேறு வழியில்லை. ரோஷத்தை விழுங்கிக்கொண்டு, கோட்டு மூட்டையோடு படியேறினாள். காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிடுவது என்றுதான் போனாள்.

மாடியில் மெஷின் இருந்த மூலை காலியாகக் கிடந்தது.

"நேத்தே வித்துட்டேன்," என்றாள் பெரியவள், தலை நிமிராமல். "நீ வருவேன்னு தெரியும்."

அவள் மடியில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை. பக்கத்தில் ஒரு குவியல். ஊசியும் நூலுமாக ஒவ்வொரு பட்டன் ஓட்டையையும் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரலில் பிளாஸ்திரி.

அடிப் பாவி, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாளே! சின்னவளுக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கையிலிருக்கும் மூட்டை, கைவிட்டுப் போகப்போகும் ஆர்டர், எதுவும் அந்த நிமிஷம் பெரிதாகத் தெரியவில்லை. அந்த விரல்களையே ஆசை தீரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. மூட்டையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.