அடுத்த துடிப்பு

அந்தத் துகள் ஆய்வுக்கூடத்தில் அவளுடைய மின்னணுப் போர்டுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: தூக்கிப் போடுவது. ஒரு துகள் உடைந்து சிதறும் ஒவ்வொரு முறையும் கலோரிமீட்டர் என்கிற பெரிய தொட்டியில் ஒளி விழுந்ததா என்று அது பார்க்கும். விழுந்திருந்தால் சாதாரண உடைவு, குப்பை. விழாவிட்டால் பதிவுக்குப் போகும். கண் இமைக்கும் நேரத்தில் லட்சக்கணக்கான தீர்ப்புகள், அப்பீலே கிடையாது. இத்தனை பேர் வருஷக்கணக்கில் தேடுகிற உடைவோ ஆயிரம் கோடியில் ஒன்று. கேட்டாலே தலை சுற்றும்.

அந்த ஒன்றைக் கண்டுபிடித்தது அவள் புருஷன். மதியம் எல்லோர் முன்னாலும் அதைக் காட்டப்போகிறார். காலையில் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வீட்டில் அதுவும் அபூர்வ நிகழ்வுதான்.

அவர் காட்டுவதற்காகப் போர்டைப் படம் எடுக்கத்தான் அவள், அது மாட்டியிருந்த இரும்பு ராக்குக்குப் பின்னால் நுழைந்தாள். அங்கே ஒரு கேபிள் சுருண்டு கிடந்தது. குனிந்து அதன் நீளத்தைக் கையால் அளந்து பார்த்தாள்.

அவள் கைவேலைதான் அது. சோதனை ஓடிக்கொண்டிருந்தபோது, தொட்டியின் ஒரு மூலையிலிருந்து வரும் பழைய கேபிள் பழுதாக, கைக்கு எட்டியதை மாட்டியிருந்தாள். அது நீளம் அதிகம். நீளமான கேபிளில் சிக்னல் தாமதமாக வரும், அதைப் போர்டுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அப்புறம் சொல்லலாம் என்று விட்டவள், அடியோடு மறந்துபோனாள். போர்டு நேரத்தைத் துடிப்பு துடிப்பாக எண்ணும். அந்த மூலையில் விழுந்த ஒளியெல்லாம் அடுத்த துடிப்பின் கணக்கில் சேர்ந்திருக்கிறது. மகா புத்திசாலிதான்!

அவர் பிடித்த ஒன்று அதற்குப் பிறகு வந்தது. அதன் ஒளி அந்த மூலையில் விழுந்திருந்தால், போர்டு அதைக் கவனிக்காமல் விட்டிருக்கும்; அது வெறும் குப்பை. ராக்குக்குப் பின்னால் வேறு யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததே அவளுக்கு அவமானமாக இருந்தது.

"ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க."

"ஏன், சட்டையில ஏதாவது ஒட்டியிருக்கா?"

சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"முன்னாடி பின்னாடி துடிப்பையும் சேத்துத்தானே பதிவு பண்றோம்," என்றார் கடைசியில். "அடுத்ததத் திறந்து பாத்தா தெரிஞ்சிடும்."

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் குழுத் தலைவர். தான் காபி குடித்ததையே இரண்டு தடவை சரிபார்க்கும் மனிதர், அதனால் எல்லோரும் வைத்த பெயர் சந்தேகம்.

"இப்பத் திறக்காதீங்க. எல்லாரும் பாக்கறப்பத் திறங்க. தனியாப் பாத்தா, நமக்கு வேணுங்கறதுதான் கண்ணுக்குத் தெரியும்."

மதியம் அரங்கம் நிறைந்திருந்தது. அவளே எழுந்து தன் தப்பைச் சொன்னாள். அவள் புருஷன் விசைமேல் விரலை வைத்தார், அழுத்த முடியவில்லை.

"நீயே திற."

அழுத்தினாள். திரையில் அந்த மூலையின் கட்டங்கள் வந்தன. ஒளி விழுந்திருந்தால் கோடு மலைபோல் எழும்பியிருக்கும். கோடு எழும்பவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் மின்சாரத்தின் மெல்லிய முணுமுணுப்பு மட்டும், தரையோடு தரையாக.

"மறுபடி காட்டும்மா," என்றார் சந்தேகம், நாற்காலியைத் திரையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு. காட்டினாள். அதே இருட்டு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொள்ள மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

யாரும் கைதட்டவில்லை. ஆயிரம் கோடி சாதாரணங்களுக்கு நடுவே ஒரே ஒரு துகள், எந்த ஒளியும் சிந்தாமல், அவளுடைய அவசரத்தையும் மறதியையும் தாண்டி வந்து சேர்ந்திருக்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"ஒண்ணுமே இல்லடி," என்றார் புருஷன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. கண் நிறைந்திருந்தது.

"ஒண்ணுமே இல்லைங்க," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.