பன்னிரண்டாவது படி

"நிக்காதப்பா, ஓரமாப் புகுந்து போயிரு" என்று ஜீப் டிரைவரின் தோளை உலுக்கினார் ஆறுமுகசாமி. அவர் தொடையில் மனைவி கமலாத்தாளின் தலை. தலையில் சுற்றியிருந்தது அவருடைய துண்டு. காலையில் வெள்ளையாக இருந்தது.

ஓரமாகப் புக வழியில்லை. கோபாலபுரம் செக்போஸ்ட்டில் தேங்காய் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அதைத் தாண்டிவிட்டால் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம்தான். ஊர்க் கம்பவுண்டர் நாடி பார்த்துவிட்டு, "மூச்சு இருக்கறப்பவே கொண்டுபோய்ச் சேத்துருங்க" என்று சொல்லியிருந்தார்.

பின்சீட்டில் கமலாத்தாளின் தங்கை முத்தாத்தாள், எதிரே ஒடுங்கியிருந்த ஆசாரி சுருளிவேலைக் கண்ணாலேயே எரித்துக்கொண்டிருந்தாள்.

"படிக்கு ஆணி அடிச்சயா, சோத்துப்பருக்கை வெச்சு ஒட்டுனயா?"

"பன்னண்டு படியிலயும் நானே ஏறிக் குதிச்சுப் பாத்தனுங்க அம்மிணி."

புது வீட்டுக்கு நம்பர் வாங்கத்தான் அந்தப் படிக்கட்டு. மச்சுக்கு ஏணி சாத்தியிருந்ததைப் பார்த்ததுமே பஞ்சாயத்து ஓவர்சியர் தலையை ஆட்டிவிட்டார். ஏணி ஆகாது. அசையாத படி வேண்டும், கைப்பிடி வேண்டும், படிக்குப் படி ஒரே உயரம் வேண்டும். "கண்ணைக் கட்டிட்டு ஏறினாலும் காலுக்குக் கணக்குத் தெரியணும்" என்றார். அவர் வரைந்து கொடுத்த அளவுக்குப் பன்னிரண்டு படி வந்தது.

வேலை முடிந்த அன்று ஆறுமுகசாமி லாபம், நட்டம், லாபம் என்று எண்ணிக்கொண்டே ஏறினார். கடைசிப் படி நட்டத்தில் நின்றது. அவர் முகம் செத்துப்போயிற்று.

"பதினொண்ணாக்க முடியாதா, ஆசாரி?"

"அளவு மாறிப்போகுமுங்க. ஓவர்சியரு டேப்பு வெச்சுப் பாக்கறாரு."

கமலாத்தாள் கீழே நின்று சிரித்தாள். "படியை எண்ணி வெள்ளாமை பண்ற ஆளு நீங்க ஒருத்தருதானுங்க."

ஓவர்சியர் வந்தார், அளந்தார். நம்பர் தகடு வாசல் நிலையில் ஏறியது. அதற்கப்புறம் இருபது நாள், கூடையை இரண்டு கையாலும் பிடித்தபடி, கீழே பார்க்காமலே கமலாத்தாள் ஏறி இறங்கினாள். அவள் காலுக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது.

இன்று மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. களத்தில் காய்ந்த விதைக்கடலையை வாரிக்கொண்டு ஓடி ஏறினாள். பதினொன்றாவது படியிலிருந்து அவள் கால் மேலே போனது. அங்கே பன்னிரண்டாவது படி இல்லை.

"எனக்கு ஒண்ணுதானுங்க புரியல" என்று முனகினான் சுருளிவேல். "ஒடைஞ்சிருந்தாப் பலகை கீழ கெடக்கணும். கூடை கெடக்குது, கடலை செதறிக் கெடக்குது. பலகையைக் காணமுங்க."

"செஞ்சதையும் செஞ்சுபோட்டுப் பேச்சைப் பாரு. மாமா, இவனைப் போலீஸ்ல புடிச்சுக் குடுங்க."

ஆறுமுகசாமிக்கு இடுப்பில் வேட்டி மடிப்புக்குள் ஏதோ குத்திக்கொண்டிருந்தது. அவர் நகர்ந்து உட்காரவும் இல்லை.

கமலாத்தாள் கண்ணைத் திறந்தாள். "ஏனுங்க, கடலை நனையுதுங்களா?"

"இல்ல. அத்தனையும் மேல ஏத்தியாச்சு."

"படி..." என்றாள். அதற்கு மேல் உதடு அசையவில்லை.

லாரிகள் நகர்ந்து வழி கிடைத்தது. டிரைவர் ஜீப்பை விரட்டினான். இரண்டு மைல் போவதற்குள் தொடை மேலிருந்த தலை திடீரெனக் கனத்ததை ஆறுமுகசாமி உணர்ந்தார். முத்தாத்தாள் அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்து அலறிய பிறகுதான் டிரைவர் வேகத்தைக் குறைத்தான். வேகமாகப் போ என்று அப்புறம் யாரும் சொல்லவில்லை.

புளியமரத்தடியில் ஜீப் நின்றது. சுருளிவேல் இறங்கி அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஆணி கொறைய அடிச்சுட்டேன் போலிருக்குதுங்க. இனி உளியைத் தொட மாட்டேன். போலீசுக்கு நானே வாரேன்."

ஆறுமுகசாமி வேட்டி மடிப்பை அவிழ்த்து, அவன் உள்ளங்கையில் வைத்தார். நான்கு ஆணிகள். நான்கும் வளைந்திருந்தன. மரத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

"கொறைய அடிக்கல, ஆசாரி. வரமாட்டேன்னு நின்னுது நாலும். விடியக்காலம் இவ பால் கறக்கப் போனப்ப, நாந்தான் கடப்பாரை போட்டு நெம்புனேன். பலகை வைக்கப்போருக்கடியில கெடக்குது. சொன்னாச் சிரிப்பாளேன்னு சொல்லல."