குளிப்பாட்டியவர் சொல்லக்கூடாதது

மோரிட்ஸ் மாமா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது அவருடைய சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. அப்பாவைக் குளிப்பாட்டி முடித்திருக்க முடியாது. உள்ளே இன்னும் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஏர்னா எழுந்து நின்றாள்.

"துணி பத்தலையா மாமா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்த அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

துணைக்கு வந்திருந்த மேல்மாடி மெவ்லிதா, பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றுவதைப் பாதியில் நிறுத்தினாள்.

நேற்றுக் காலை ரொட்டி வாங்கிவரப் போன அப்பா, சலமோன் கல்தெரோன், படிக்கட்டில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஏர்னாவுக்கு அந்த அதிர்ச்சியே இன்னும் இறங்கவில்லை. யூதர் வழக்கத்தில் உடலை வைத்துக்கொண்டு காத்திருப்பது கிடையாது. சரயேவோவில் மிச்சமிருக்கும் யூதர்களில் குனிந்து நிமிரக்கூடியவர்கள் மாமாவும் மருந்துக்கடை கபில்யோவும்தான். "நீ வேண்டாம்டா, வேற யாரையாவது கூப்பிடு" என்று அம்மா காலையில் சொன்னதைத் துக்கத்தில் உளறுகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

குளிப்பாட்டுகிறவர் கண்ணில் பட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஊருக்கெல்லாம் அந்த விதியை ஓதியவர் சமூகத் தலைவரான இதே மாமாதான்.

"அத்தானுக்கு விருத்தசேதனம் நடக்கவே இல்லை" என்றார். யூத ஆண்பிள்ளைக்குப் பிறந்த எட்டாம் நாளே முன்தோலை நீக்கிவிடுவார்கள். "கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட காலத்துல எத்தனையோ வீட்ல பயந்துகிட்டு விட்டுட்டாங்கன்னு கபில்யோ சொல்றான். நானும் அப்படித்தான் நினைக்கப் பாக்கறேன். நீ சொல்லிடு அக்கா. அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வழியை அவரே திறந்து வைத்திருந்தார்.

"இல்லை" என்றாள் அம்மா. "அவர் பேரு ஸ்டாவ்ரே. பிட்டோலா ஊர்ல மாதா கோயில்ல ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை."

ஏர்னா அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப கல்தெரோன்ங்கறது?" என்று கேட்டார் மாமா.

"அவங்கம்மா வேலை பாத்த வீடு. உலகப் போர்ல யூதங்கன்னு அந்த வீட்டையே கொலை முகாமுக்கு ரயில்ல ஏத்தினாங்க. கைக்குழந்தைகூடத் திரும்பல. நம்மப்பா யூதன் இல்லாதவனுக்கு என்னைக் கட்டித்தர மாட்டேன்னு நின்னார். யார் பிள்ளை நீன்னு கேட்டார். இவர் வாயில அந்தப் பேர் வந்துடுச்சு."

"விசாரிக்க அந்த ஊர்ல ஆள் மிஞ்சலேன்னு தைரியம்! செத்தவங்க பேரைத் திருடியிருக்கான்."

அத்தான் 'அவன்' ஆகிவிட்டது ஏர்னாவுக்குச் சுருக்கென்றது.

"வருஷா வருஷம் அவங்க எல்லார் பேரையும் சொல்லி விளக்கேத்தினார். வேற எவன் சொன்னான்?" என்றாள் அம்மா.

மாமா பெஞ்சின் மறுமுனையில் தொப்பென்று உட்கார்ந்தார். "நம்மப்பா செத்தப்ப அவருக்கு நான் சொன்ன கதிஷ், அக்கா? பத்து யூத ஆம்பிளை கூடினாத்தான் அந்த ஜெபம். ஒவ்வொரு தடவையும் இவனைச் சேத்துத்தான் பத்து. அப்ப நான் அப்பாவுக்கு ஒண்ணுமே சொல்லலையா?"

அவர் அழுதார். மாமா அழுது ஏர்னா பார்த்ததில்லை.

"முறையா மதம் மாறிக்குங்க, சொல்லிடுங்கன்னு நான் கெஞ்சாத நாள் இல்லை" என்றாள் அம்மா. "'சொன்னா ஒன்பது பேர்தான் லவுரா, ஜெபக்கூடத்தைப் பூட்டிடுவாங்க'ன்னுட்டார்."

தொண்ணூறுகளில் படைகள் ஊரைச் சுற்றி வளைத்த முற்றுகைக் காலத்தில், யூதர்கள் தப்பிப்போக பஸ் விட்டபோது ஊரில் பாதிப் பேருக்குத் திடீரென்று ஒரு யூதப் பாட்டி முளைத்தாள். இல்லாத பாட்டியைக் காட்டித் தப்பியவர்கள் உண்டு. அப்பா பஸ் ஏறவில்லை. சமூகச் சமையலறையில் அண்டாவைக் கிளறிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் பீன்ஸ் கஞ்சி ஊற்றினார். போன இலையுதிர் காலத்தில் ஜெபக்கூடத்துக் கதவில் யாரோ வெறுப்பில் சிவப்புப் பெயின்ட் அடித்தபோது, ஜெபத்துக்குக் கூடும் வெள்ளிக்கிழமைதோறும் பலருக்கு ஜுரம் வந்தது. அப்பா மெவ்லிதாவின் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சுரண்டினார். "பிறப்பைத்தான் மாத்த முடியாது, இருக்கற ஊரையாவது மாத்துங்கப்பா" என்று ஏர்னா கத்தினாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போது அவளை அறைந்தது. அவளிடமாவது சொல்லியிருக்கலாம். திட்டலாம் என்றால் ஆள் இல்லை.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்ம கல்லறை வேலிக்கு உள்ள இடம் தர முடியாது. வெளியே ஓரமா குழி வெட்டச் சொல்றேன்."

"மாமா!"

"சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா. நான் எழுதினதா அது?"

மெவ்லிதா காபிக் கோப்பையை டக்கென்று வைத்தாள். "எங்க முஸ்லிம் மார்க்கத்துல, நீ யாருன்னு கேக்கறதுக்குக் குழிக்குள்ள தேவதூதர்கள், மலக்குமார் வருவாங்க. உங்க பக்கம் அந்த வேலையையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்களா மோரிட்ஸ்?"

"நீ இதுல தலையிடாதே மெவ்லிதா."

"இந்த மனுஷன் ஊத்தின கஞ்சியில உயிர் பிழைச்சவ நான். தலையிடத்தான் செய்வேன்."

கபில்யோ கதவிடுக்கில் தலையை நீட்டினார். மூச்சு வாங்கியது.

"பாதியில போட்டுட்டு வந்துட்டியே. தனியா என்னால புரட்ட முடியல. வர்றியா இல்லையா?"

மாமா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலைப் பிடித்து எழுந்து உள்ளே போனார். மறுபடி தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அம்மா அப்போதுதான் அழுதாள்.

மதியம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறை மேட்டில் ஏறினார்கள். வேலியோரம் பாதை பிரியும் இடத்தில் ஏர்னாவின் கால் தயங்கியது. முன்னால் போன மாமா திரும்பிப் பார்க்காமல் நேராக வேலிக்கு உள்ளே நடந்தார். தாத்தாவின் கல்லறைக் கல்லுக்குப் பக்கத்தில் குழி தயாராக இருந்தது. மற்றவர்களிடம் அவர் என்ன சொன்னார், எதையாவது சொன்னாரா என்று தெரியவில்லை.

மண் தள்ளும் முன் மாமா சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார். துக்கத்தில் உடையைக் கிழிப்பது யூதர் வழக்கம், அப்பனைப் பறிகொடுத்த மகளுக்கு இதயப் பக்கம். ஏர்னாவின் கழுத்துப்பட்டையை இடது பக்கம் கீறினார், மீதியை அவள் கிழித்தாள். அம்மாவுக்கு வலது பக்கம், கூடப்பிறந்தவர் போனாலும் அதே பக்கம்தான். பெற்றவர், பெற்ற பிள்ளை, கூடப்பிறந்தவர், கட்டியவர், இவர்களுக்குத்தான் உடையைக் கிழிப்பது. அக்கா புருஷனுக்கு யாரும் கிழிப்பதில்லை.

கபில்யோ மண்வெட்டியை நீட்டினார். மாமா அதை வாங்கவில்லை. கத்தியைத் தன்னுடைய கோட்டின் வலது பக்கம் வைத்து ஒரு கீறல் போட்டார். கெட்டியான கம்பளித் துணி, லேசில் கிழிகிற ரகம் இல்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.